கல்லா, கதையா?

கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இதுதான்.

மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிற பிள்ளை. அண்மையில் சரித்திரக் கதைகள் மேல் பைத்தியம் பிடித்திருக்கிறது, அதனால் வீட்டில் மூன்று சச்சரவு வந்துவிட்டது. தோழி கொடுத்த 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்' என்ற ஆங்கில நாவலைப் படித்துவிட்டு இரண்டு இரவு அழுதாள். "இனி யுத்தம், கொலை உள்ள புத்தகமே வீட்டுக்குள் வரக்கூடாது" என்று அப்பா சொல்லிவிட்டார். அடுத்தது, 'பொன்னியின் செல்வன்'. மாமியாரின் பீரோவில் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்ட் செய்த ஐந்து பாகங்களும் இருக்கின்றன. "உன் வயசில் நான் இரண்டு தரம் முடிச்சுட்டேன்" என்று பாட்டி சொல்ல, பேத்தி முக்கி முக்கி நாற்பது பக்கம் படித்துவிட்டு வைத்துவிட்டாள். வைத்தவள் சும்மா இருக்கவில்லை. மீதிக் கதையைப் பாட்டியிடம் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டு, வகுப்புத் தேர்வில் "ஆதித்த கரிகாலனைச் சதி செய்து கொன்றவள் நந்தினி" என்று எழுதினாள். இரண்டு மார்க் போனது. "கதைப்புத்தகம் படிச்சிட்டு வந்து பரீட்சை எழுதாதே" என்று ஆசிரியர் எல்லோர் முன்னாலும் சொல்ல, பிள்ளை கூசிப்போனாள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள்: "பயமில்லாத, தப்புத் தகவல் இல்லாத சரித்திரக் கதைப் புத்தகம் பத்து பெயர் எழுதி அனுப்புங்கள், வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்." பள்ளி நூலகத்தில் இருபத்து மூன்று வருடம் உட்கார்ந்தவள் நான். பத்து பெயர் எழுத எனக்குப் பத்து நிமிடம் போதும். ஆனாலும் எழுதவில்லை, ஏனென்றால் நீங்கள் கேட்கிற புத்தகம் கிடையாது. பயமே இல்லாத சரித்திரம் எங்கே இருக்கிறது? கற்பனை கலக்காமல் எழுதினால் அது எப்படி நாவல் ஆகும்? இந்த இரண்டையும் பிள்ளை எப்படிக் கையாளுகிறாள், அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் நம்மால் பார்த்துக்கொள்ள முடியும். புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதும் அதற்கு ஏற்றாற்போல்தான்.

போன இரண்டு மார்க்

ஆசிரியர் மார்க்கைக் குறைத்தது சரி. சொன்ன வார்த்தைதான் சரியில்லை. நீங்களும் அந்த வார்த்தையை நம்பிவிட்டீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. "இந்த நாவல்களே சரித்திரத்தைக் குழப்பிவிடுகின்றன" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவரோ "நாவல் படித்தால் சரித்திரம் தானாக வந்துவிடும்" என்று நினைத்துக்கொண்டிருந்தவர். இரண்டும் தவறு. நாவல் தருவது ஆர்வம். எது நடந்தது, எது கட்டியது என்று பிரித்துப் பார்க்க யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு அதைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது, காரணம் அவள் மாட்டிக்கொண்ட இடம் அப்படி.

நந்தினி கல்கியின் கற்பனை. ஆனால் ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையானது நிஜம். உங்கள் மாவட்டத்திலேயே, காட்டுமன்னார்கோவில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோவிலில் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது ஏறக்குறைய 987. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களின் பெயர்களைச் சொல்லி, அவர்களும் அவர்கள் உறவினர்களும் நிலம் இழந்ததைப் பேசுகிறது. நாவலில் வரும் ரவிதாசன் அந்தக் கல்லிலிருந்து எழுந்து வந்தவன். கொலைக்கும் இந்த ஆணைக்கும் நடுவில் உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் கழிந்திருக்கிறது. அவன் ஏன் கொலைகாரர்களைத் தண்டிக்கவில்லை? அதனால்தான் வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேலேயே சந்தேகப்பட்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. ஆயிரம் வருடத்துக்குப் பிறகும் முடியாத ஒரு கேஸ் இது. இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், கண் எப்படி விரிகிறதென்று.

எங்கள் நூலகத்தில் இதற்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். ஒரு பழைய நோட்டில் நடுவே கோடு. இடது பக்கம் 'கல்', வலது பக்கம் 'கதை'. நாவலில் ஒரு ஆள் வந்தால் எந்தப் பக்கம் என்று தேடி எழுத வேண்டும். பூங்குழலி கதை. ஆழ்வார்க்கடியான் கதை. செம்பியன் மாதேவி கல்தான், ஒன்றிரண்டு அல்ல, பல கற்கோவில்கள் கட்டியவர். பழுவேட்டரையர்கள் கல். வந்தியத்தேவனில்தான் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராக அவர் பெயர் இருக்கிறது, அதனால் ஆள் கல். குதிரையில் வந்த கதையும் வாய்ச்சவடாலும் ஏரிக்கரையில் கேட்ட பாட்டும் எல்லாம் கதை. அவரை மட்டும் ஒரு பையன் நடுக்கோட்டின் மேலேயே எழுதி வைத்தான். நான் திருத்தவில்லை.

நந்தினியை வலது பக்கம் எழுதிய பிள்ளை பரீட்சையில் அவளைக் கொலைகாரி ஆக்க மாட்டாள். அந்த நோட்டை ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் பட்ட கூச்சத்துக்கு, நீங்கள் போய்ச் சண்டை போடுவதைவிட அது நல்ல மருந்து.

அழ வைத்த புத்தகம்

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. அழும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஆனால் கதை படித்து அழுவது வேறு, பயந்து ஒடுங்குவது வேறு. இரண்டு இரவு அழுதாள், மூன்றாம் நாள் "அந்தப் பையன்கள் நிஜமா இருந்தாங்களாம்மா?" என்று கேட்டாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேள்வி கேட்கிற பிள்ளை புத்தகத்தை ஜீரணித்துக்கொண்டிருக்கிறாள். வாரக்கணக்கில் தூக்கமின்மை, தனியாகப் படுக்க மறுப்பு, சாப்பாட்டில் மாற்றம், பள்ளிக்குப் போக அடம் என்று ஏதாவது இருந்தால் அது நூலகர் பார்க்கும் விஷயம் இல்லை. குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

அந்த நாவல் மேல் எனக்கும் குறை உண்டு, ஆனால் அது உங்கள் கணவர் சொல்கிற குறை இல்லை. ஜெர்மன் அதிகாரியின் ஒன்பது வயது மகனும், முகாமுக்குள் இருக்கும் அதே வயது யூதப் பையனும் கம்பிவேலிக்கு இருபுறமும் உட்கார்ந்து நாள்கணக்கில் பேசிக்கொள்கிறார்கள். நாஜிகள் போலந்தில் நடத்திய நிஜமான ஆஷ்விட்ஸ் முகாமில் அந்த வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் வந்து இறங்கிய அன்றே கொல்லப்பட்டார்கள். வேலி மின்சார வேலி, காவல் வேறு. அங்கே இருக்கும் நினைவகமே 2020-ல், இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று சொன்னது. படிக்கிற பிள்ளையின் கண்ணீர் கடைசியில் யாருக்காக வழிகிறது என்று பாருங்கள். வேலிக்கு வெளியே இருந்த, தெரியாமல் உள்ளே போய்விட்ட பையனுக்காகத்தானே?

ஆகவே "நிஜமா இருந்தாங்களா" என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள்: முகாம் நிஜம், அங்கே குழந்தைகள் கொல்லப்பட்டது நிஜம், இந்த இரண்டு பையன்களும் வேலியோர நட்பும் கற்பனை. ஒளிக்காதீர்கள். இந்த வயதில் ஒளித்தால் போனில் தேடுவாள், அங்கே கிடைக்கும் படங்கள் எந்த நாவலைவிடவும் கொடூரமானவை.

யுத்தக் கதைகளை மொத்தமாகத் தடுப்பதற்குப் பதிலாக, அதே காலத்தைச் சொல்லும் வேறொரு புத்தகத்தைக் கையில் கொடுங்கள். லோயிஸ் லோரி 1989-ல் எழுதிய 'நம்பர் தி ஸ்டார்ஸ்' அப்படி ஒன்று. 1943, டென்மார்க்கின் கோபன்ஹேகன். பத்து வயதுப் பெண், அவளுடைய யூதத் தோழி, தோழியின் குடும்பத்தை மீன்பிடிப் படகில் சுவீடனுக்கு அனுப்பும் முயற்சி. அந்த அக்டோபரில் 7,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் அப்படிக் கடல் தாண்டித் தப்பினார்கள் என்பது நடந்த வரலாறு. பயம் இந்தக் கதையிலும் உண்டு, சாவும் உண்டு. ஆனால் பயந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் இருக்கிறது. படகில் ஒளிந்திருப்பவர்களை மோப்ப நாய்கள் கண்டுபிடிக்காமலிருக்க, காய்ந்த முயல் ரத்தமும் கொக்கெயினும் தடவிய கைக்குட்டை வருகிறது. கட்டுக்கதை போலத் தோன்றும் அந்தக் கைக்குட்டை நிஜம். கடைசியில் ஆசிரியரே, இதில் எவ்வளவு உண்மை, எது நான் கட்டியது என்று எழுதிவைத்திருக்கிறார். உங்கள் மகளின் நோட்டுக்கு அந்தக் கடைசிப் பக்கங்கள் அப்படியே பொருந்தும்.

நம் பக்கத்துக் காயம் ஒன்றும் படிக்கட்டும் என்றால், வீரா ஹிரானந்தானியின் 'தி நைட் டைரி'. 1947 பிரிவினை. 12 வயது நிஷா இறந்துபோன அம்மாவுக்கு எழுதும் கடிதங்கள்தான் நாவல். அப்பா இந்து, அம்மா முஸ்லிம், ஆகவே எந்தப் பக்கமும் முழு எதிரி ஆக முடியாத வீடு. இதை நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். வழியில் தாகமும் வன்முறையும் வரும் பக்கங்கள் எவை என்று தெரிந்தால், அன்றைக்கு அவள் படிக்கும்போது நீங்கள் அடுப்படியில் இல்லாமல் கூடத்தில் இருக்கலாம்.

பாட்டியின் பீரோ

இதுதான் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்ட் செய்ததென்றால், உங்கள் மாமியாரின் அம்மா காலத்து இதழ்களாகக்கூட இருக்கலாம். அப்படியானால் ஓவியர் மணியத்தின் படங்களும் உள்ளே இருக்கும். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேத்தி நாற்பது பக்கத்தில் நிறுத்தியதைத் தோல்வி என்று நினைத்திருக்கிறீர்கள். "தமிழ் வராத பிள்ளையாகிவிட்டாள்" என்றும் ஒரு வரி இருந்தது. படித்து வருத்தப்பட்டேன். அந்த நாவல் எப்படி வந்தது என்று யோசியுங்கள். 1950 முதல் 1954 வரை, வாரம் வாரம், பத்திரிகையில். 293 அத்தியாயங்கள். ஒவ்வொரு வாரப் பகுதியும் அடுத்த வாரம் வரை காத்திருக்க வைக்கும்படி ஒரு இடத்தில் வெட்டப்பட்டது. பல வீடுகளில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அப்படிப் பிறந்த எழுத்தைத் தலையணை தடிமனில் கையில் கொடுத்து, தனியாக உட்கார்ந்து முடி என்றால், பாவம் பிள்ளை என்ன செய்யும்? பள்ளிப்படை, வேளக்காரப் படை, சிவிகை என்று பக்கத்துக்கு ஐந்து சொல் தெரியாது. சொல்லகராதியைத் தேடப் போகிறவள் வந்தியத்தேவனைத் தொலைத்துவிடுவாள்.

பாட்டி வாசிக்கட்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அத்தியாயம், அவ்வளவுதான். பேத்தி இன்னும் ஒன்று என்று கெஞ்சினாலும் கூடாது. 293 அத்தியாயம் என்றால் பத்து மாதம் ஓடும். ஒரு வாரம் போகாவிட்டாலும் தப்பில்லை. நடுவில் பேத்தி போதும் என்றால் நிறுத்திவிடுங்கள், அந்த உரிமை அவளுக்கு உண்டு. பெரியவர்கள் நாம் எத்தனை புத்தகத்தைப் பாதியில் கவிழ்த்து வைத்திருக்கிறோம்?

இரண்டு விஷயம் மட்டும் மாமியாரிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கடம்பூர் மாளிகையில் தேவராளன் சாமியாடி பலி கேட்கும் இடம் ராத்திரியில் வாசிக்க ஆகாது, அதைப் பகலில் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, அறுபது வயது தாண்டிய பெரிய பழுவேட்டரையர் இளம்பெண்ணைக் கட்டிக்கொண்டதைப் பேத்தி கட்டாயம் கேட்பாள். "அந்தக் காலத்தில் அப்படித்தான்" என்று மூடிவிடாதீர்கள். அந்தக் காலத்திலும் ஊர் சிரித்தது என்பதுதானே நாவலிலேயே இருக்கிறது. அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

அவ்வளவு நீளம் வேண்டாம் என்றால் கல்கியின் முதல் சரித்திர நாவலான 'பார்த்திபன் கனவு' இருக்கிறது. சின்னது, ஓட்டமானது, நாடு இழந்த இளவரசன் விக்கிரமனின் கதை. நரபலி கேட்கும் காபாலிகர் பகுதியை மட்டும் பெரியவர் ஒருவர் உடனிருந்து கடக்க வேண்டும். அதில் வரும் குந்தவி பல்லவ இளவரசி, நீங்கள் அறிந்த சோழக் குந்தவை இல்லை. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் இன்னொரு இரண்டு மார்க் போகும்.

கடையில் நின்று புரட்டும்போது

பத்து பெயருக்குப் பதிலாக, நான் புத்தகம் வாங்கும்போது என்ன பார்ப்பேன் என்று சொல்கிறேன். முதலில் கடைசிப் பக்கத்தைத் திறப்பேன். எது வரலாறு, எது கற்பனை என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் பாதி நம்பிக்கை வந்துவிடும். அட்டையில் "உண்மைக் கதை" என்று போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் கூடும். அணுகுண்டுக் கதிர்வீச்சால் நோயுற்று, ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் வேண்டியது நடக்கும் என்று நம்பி மடித்த ஹிரோஷிமா சிறுமி சடாகோவைப் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலக் கதையில் அவள் 644 காகிதக் கொக்கு மடித்த நிலையில் இறந்துவிடுகிறாள், மீதியைத் தோழர்கள் மடிக்கிறார்கள். நிஜ சடாகோ ஆயிரத்தைத் தாண்டி மடித்தாள் என்று அவள் அண்ணனும் ஹிரோஷிமா அருங்காட்சியகமும் சொல்கிறார்கள். கதையில் மனம் உருகுவதற்காக எண்ணைக் குறைத்திருக்கலாம். அதற்காக அந்தப் புத்தகத்தை ஒதுக்க மாட்டேன். ஏன் குறைத்திருப்பார்கள் என்று பிள்ளையிடம் கேட்பேன்.

அடுத்து, எதிரி யார், எப்படி இருக்கிறார் என்று பார்ப்பேன். ஒரு அரசன் கெட்டவனாக இருக்கலாம். ஒரு மதமோ ஜாதியோ ஊரோ முழுவதும் கெட்டதாக இருந்தால் அந்தப் புத்தகம் எங்கள் நூலகத்துக்கு வராது, விருது வாங்கியிருந்தாலும். பிறகு, யார் கண் வழியாகக் கதை நடக்கிறது என்பது. பத்து வயதுக்கு மேல் பிள்ளைகளுக்குத் தங்கள் வயதுப் பிள்ளை ஒருத்தி உள்ளே இருந்தால் போதும், எந்த நூற்றாண்டுக்கும் போய்விடுவார்கள். பத்தாம் நூற்றாண்டுச் சிறுமி இன்றைய மேடைப் பேச்சாளர் மாதிரி சமத்துவம் பேசினால் மட்டும் மூடி வைத்துவிடுவேன். அட்டையில் போடும் வயது எண்ணை நான் அதிகம் நம்புவதில்லை. பதிப்பாளருக்கு உங்கள் மகளைத் தெரியாது.

தமிழில் இந்த வயதுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சரித்திர நாவல்கள் குறைவு என்ற என் பழைய ஆதங்கத்தையும் இங்கே கொட்டிவிடுகிறேன். ராஜராஜன் தஞ்சைக் கோவிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோவிலில் ஆடிப் பாடும் பெண்களை, பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினான். எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்பது வரை கல்லில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, வருடத்துக்கு நூறு கலம் நெல். சொந்த ஊரை விட்டுத் தாயோடு தஞ்சைக்கு வந்து இறங்கும் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கதையை யாராவது எழுத மாட்டார்களா என்று நான் பணியில் இருந்த காலமெல்லாம் காத்திருந்தேன். உங்கள் மகளுக்கு எழுதும் ஆசை இருக்கிறதா?

கடைசியாக, உங்களுக்கு ஒரு நாள் வேலை. 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. அதுதான் இன்று சென்னைக்குக் குடிநீர் போகும் வீராணம் ஏரி. கொலைகாரர்களின் பெயர் வெட்டிய உடையார்குடிக் கோவில் அங்கிருந்து எட்டும் தூரம்தான். கதை தொடங்கும் இடமும் கல் இருக்கும் இடமும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் அமைந்திருக்க, உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அடுத்த ஆடிப்பெருக்குக்குப் பாட்டியையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பாவும் வரட்டும். முதல் அத்தியாயத்தைக் கரையில் உட்கார்ந்து வாசித்துவிட்டு, பிறகு கோவிலுக்கு. கல்வெட்டு எந்தச் சுவரில் என்று அர்ச்சகரிடமோ பக்கத்தில் விவரம் தெரிந்தவரிடமோ கேளுங்கள். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸோ மாவோ தேய்க்க விடாதீர்கள், கல் கெடும். ஒரு டார்ச் எடுத்துப் போய்ச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழுந்து தெரியும். நோட்டை மறக்க வேண்டாம்.